ஆறு மாதத்தில் மூன்று முறை எரிந்த மோட்டார்

போன வருஷம் பிப்ரவரி முதல் வாரம். கோவை வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. "தம்பி, மோட்டார் மறுபடியும் எரிஞ்சு போச்சுங்க. ஆறு மாசத்துல இது மூணாவது தடவை. கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?" பேசியவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது.

வீட்டு மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். 1937-இலேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. காயில் கட்டும் கடைக்கு இங்கே பஞ்சம் கிடையாது, கை சுத்தமான மெக்கானிக்குகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு அரை எச்.பி மோட்டார் ஆறு மாதத்தில் மூன்று முறை எரிகிறது என்றால், கோளாறு மோட்டாரில் இல்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதை நிரூபிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் பார்த்ததை முழுதாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே கோளாறை அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன்.

வீடு, தொட்டி, மோட்டார்

தரைத்தளமும் மாடியும் உள்ள வீடு. வாசல் பக்கம் 6,000 லிட்டர் சம்ப். நல்ல தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், வரும்போது நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள். மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு 1,000 லிட்டர் டேங்க். சம்ப்புக்குப் பக்கத்திலேயே மோட்டார். அங்கிருந்து டேங்கின் வாய் வரை உயரம் 11 மீட்டர். சம்ப்பின் ஆழம் 2 மீட்டர். அதாவது மோட்டாருக்கு மொத்தமாக 13 மீட்டர் வேலை, அதோடு குழாயின் உராய்வு கொஞ்சம். கீழே இருக்கும் தண்ணீரைத் தானே உறிஞ்சி ஏற்றும் அரை எச்.பி செல்ஃப் பிரைமிங் மோட்டாருக்கு இது சுலபமான வேலை. பெயர்ப்பலகையில் உச்ச மின்னோட்டம் 4 ஆம்பியர் என்று போட்டிருந்தது. மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர் 10 மைக்ரோஃபாரட்.

அந்த அம்மா பழைய பில்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். அவை எனக்குப் பெரிய உதவி. மோட்டார் வாங்கி நாலரை வருஷம் ஆகியிருந்தது. முதல் நாலு வருஷம் ஒரு ரூபாய் செலவில்லை. முதலில் எரிந்தது ஆகஸ்டில். காயில் கட்டி, கண்டென்சர் மாற்றியிருக்கிறார்கள். டிசம்பர் நடுவில் இரண்டாவது தடவை. அப்போது காயிலோடு பேரிங், உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்வு எல்லாம் மாறியிருக்கின்றன. அடுத்த ஒன்றரை மாதத்தில் மூன்றாவது. இந்த முறை கடைக்காரர், "அரை எச்.பி பத்தலைங்க, ஒரு எச்.பி போட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அதற்குச் சரி சொல்லும் முன்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார். நல்ல வேளை.

முதலில் நாலு வருஷம் ஒன்றுமில்லை, அப்புறம் நாலு மாதம், அப்புறம் ஒன்றரை மாதம். இடைவெளி இப்படிச் சுருங்கிக்கொண்டே வந்ததுதான் என் மனதில் உறுத்தியது.

எரிந்த காயில் சொன்னது

முதல் இரண்டு முறை எரிந்த காயில்கள் பழைய செம்பாக எடைக்குப் போய்விட்டன. மூன்றாவது எரிந்தபடியே இருந்தது. அதைக் கடைக்குக் கொண்டுவந்து பின்மூடியைக் கழற்றினேன். கருகிய வார்னிஷ் நாற்றம் கடை முழுக்க. எரிந்த காயிலை வெட்டி எறிவதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். நோயாளியின் நாக்கைப் பார்ப்பது போலத்தான் அது.

சிங்கிள் பேஸ் மோட்டாரில் இரண்டு காயில் உண்டு, ரன்னிங் ஒன்று, ஸ்டார்ட்டிங் ஒன்று. ஸ்டார்ட்டிங் மட்டும் கருகியிருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் புள்ளியாக எரிந்து கம்பி உருகியிருந்தால் அங்கே இன்சுலேஷன் அடிபட்டிருக்கும், கட்டும்போது கம்பி உரசியிருக்கலாம், அல்லது தண்ணீர் இறங்கியிருக்கலாம். இங்கே இரண்டுமே ஒரே சீராக, சுற்றிலும் கரியாகியிருந்தன. காயில் உட்காரும் பள்ளத்தில், அதாவது ஸ்லாட்டில், செருகியிருந்த பேப்பர் தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. இது ஒரு நொடியில் எரிந்ததில்லை. தாங்க முடியாத சுமையை நாள் கணக்கில் இழுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து போன காயில்.

பேரிங் 6202. கையில் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்றியது. அப்படியானால் சுழலும் தண்டு, அதாவது ஷாஃப்ட், இறுகவில்லை. தண்ணீரைத் தள்ளும் பித்தளைச் சக்கரமான இம்பெல்லரின் பல்லோரம் லேசாகத் தேய்ந்திருந்தது, சம்ப்பில் வண்டல் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆனால் காயிலைக் கொளுத்தும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை.

ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலைப் பார்த்தபோதுதான் ஏதோ பிடிபட்டது. கார்பன் முகம் வழவழப்பாக நன்றாக இருந்தது, கீறல் இல்லை, விரிசல் இல்லை. ஆனால் அதைச் சுற்றியிருந்த ரப்பர் கெட்டித்துப் போய், மடக்கினால் வெடித்தது. தண்ணீர் இல்லாமல் காய்ந்து ஓடியிருந்தால் முதலில் அடிவாங்குவது கார்பன்தான். இங்கே கார்பனுக்கு ஒன்றுமில்லை, ரப்பர் வெந்திருக்கிறது. பம்புக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது, அந்தத் தண்ணீரே சுட்டிருக்கிறது. ஓடும் தண்ணீர் சுடாது. போக வழியில்லாமல் உள்ளேயே சுழலும் தண்ணீர்தான் சுடும்.

இதை நினைத்துக்கொண்டே ராத்திரி படுத்தேன். ஆனாலும் நேரே அந்த முடிவுக்குப் போகவில்லை. ஒரு தடயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்காமல் விட்டு, அதனால் ஒரு வீட்டுக்கு இரண்டு முறை போக வேண்டி வந்த அனுபவம் எனக்கு உண்டு.

மறுநாள் அந்த வீட்டில்

அதே மாதிரி அரை எச்.பி மோட்டார் ஒன்று என்னிடம் உபரியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்குப் போனேன். காலையில் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் மோட்டார் போடும் நேரம் சாயங்காலம், தெருவில் மின்அழுத்தம் குறையும் நேரமும் அதுதான். கோளாறு வரும் நேரத்தில் போய்ப் பார்க்காமல் வேறு நேரத்தில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

மின்சாரத்தை முதலில் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 218 வோல்ட், மோட்டார் ஓடும்போது 213. மெயின் போர்டிலிருந்து மோட்டார் வரை 25 மீட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தார்கள். போகவர 50 மீட்டர் என்றால் அந்த வயரின் மின்தடையே ஏறக்குறைய 0.9 ஓம். ஓடும்போது 3 வோல்ட் போகும், பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகும் நொடியில் இன்னும் அதிகமாகப் போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன். இது ஒரு குறைதான், ஆனால் காயிலை எரிக்கும் குறையில்லை.

எரிந்த மோட்டாரின் கண்டென்சரை மீட்டரில் வைத்தேன், 9.4 மைக்ரோஃபாரட். நல்லாவே இருந்தது. கண்டென்சர் பழுது என்றால் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமும், சுற்றாது. வீட்டில் யாருக்காவது அந்தச் சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்ய வேண்டும். சில நொடிக்கு மேல் அப்படி விடக் கூடாது. போர்டில் இருக்கும் எம்.சி.பி சுவிட்சை இறக்கிவிட்டு, மோட்டாரின் பின்னால் ஃபேன் பக்கம் ஸ்க்ரூடிரைவரால் ஷாஃப்டைத் திருப்பிப் பார்க்கலாம். லேசாகச் சுற்றினால் கண்டென்சர் மேல் சந்தேகம். சுற்றவே இல்லை என்றால் ரொம்ப நாள் ஓடாமல் இருந்து பம்புக்குள் துருப்பிடித்து இம்பெல்லர் ஒட்டியிருக்கும். கரண்ட் இருக்கும்போது ஃபேனைக் குச்சியால் தள்ளிவிட்டு ஓடவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். கண்டென்சரில் கை வைப்பதும் ஆபத்து. கரண்ட்டை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.

அடுத்து உறிஞ்சும் பக்கம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது இங்கேதான். ஃபுட் வால்வு நிற்காமல் தண்ணீர் இறங்கிவிடும், அல்லது குழாய்களைச் சேர்க்கும் யூனியனிலோ எல்போவிலோ காற்று இழுக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. டெலிவரி பக்கம் லீக் என்றால் தண்ணீர் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் லீக் என்றால் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே ஒன்றும் தெரியாது. குழாய் காய்ந்தே இருக்கும். அதனால் நான் எப்போதும் ஷேவிங் நுரை கொஞ்சம் வைத்திருப்பேன். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் தடவினால், லீக் உள்ள இடத்தில் நுரை உள்ளே குழிந்து இழுபடும். சோப்பு நுரையும் போதும். இந்த வீட்டில் எங்கேயும் இழுக்கவில்லை. ஃபுட் வால்வைப் பார்க்க, மோட்டாரை நிறுத்தி அரை மணி கழித்துப் பிரைமிங் மூடியைத் திறந்தேன். தண்ணீர் விளிம்பு வரை நின்றது. டிசம்பரில் மாற்றிய ஃபுட் வால்வு நன்றாக வேலை செய்கிறது.

மேலே போகும் குழாயின் யூனியனைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எனக்கு முன்னால் வந்த இரண்டு மெக்கானிக்குகளும் இந்த இடம் வரை வந்து, "பம்பு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் ஆறு வீடு போகிறவர்கள், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் திருப்திதான் வரும். ஆனால் யூனியனைக் கழற்றினால் பம்புக்கு மேலே ஏற்ற வேண்டிய சுமையே இல்லை. மேலே தண்ணீர் போகும் வழி எப்படி இருக்கிறது என்பதை அந்தச் சோதனை காட்டாது.

யூனியனை மறுபடி மாட்டி, வயரைச் சுற்றி மாட்டினாலே கரண்ட்டைக் காட்டும் கிளாம்ப் மீட்டரை வயரில் போட்டுவிட்டு, மோட்டார் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மணி 6.55. டேங்கில் அப்போது பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. மீட்டர் 3.2 ஆம்பியர் காட்டியது. நல்ல அளவு. அந்த அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். பத்து நிமிஷம் போயிற்று. ஒன்றுமில்லை, 3.2.

பதினாறாவது நிமிஷம் சத்தம் மாறத் தொடங்கியது. சீரான ரீங்காரமாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து முனகலானது. மீட்டரைப் பார்த்தேன். 3.6. அப்புறம் 4. ஒரு நிமிஷத்துக்குள் 5.1-இல் போய் நின்றது. மேலே போகும் குழாயில் கை வைத்தேன். தண்ணீர் ஓடும்போது குழாயில் ஒரு அதிர்வு இருக்கும், கையில் உணரலாம். அது நின்று போயிருந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஓடவில்லை.

படியேறி மொட்டை மாடிக்குப் போனேன். டேங்க் மூடியைத் திறந்தால், குழாய் உள்ளே வரும் இடத்தில் ஒரு ஃப்ளோட் வால்வு. வெள்ளைப் பந்து தண்ணீரில் மிதந்து, கை நேராக நீட்டி, வழியை இறுக்கமாக அடைத்திருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்தில் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. பல மாதமாக அந்தக் குழாயில் தண்ணீர் போகவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"அம்மா, இந்த வால்வு எப்போ போட்டீங்க?"

"அதுங்களா? முந்தின வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம். டேங்க் நிறைஞ்சு வழிஞ்சா புதுப் பெயிண்ட் மேல தண்ணி ஓடி கறையாவுதுன்னு ப்ளம்பர்கிட்டச் சொன்னேன். அவர்தான் போட்டார். நல்ல தண்ணி வேற வீணாகுதே, தம்பி."

பொங்கலிலிருந்து ஆகஸ்டு வரை ஏழு மாதம். கணக்கு சரியாக வந்தது.

வால்வு மூடினால் ஏன் எரிகிறது

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "தண்ணி போகலேன்னா மோட்டாருக்கு வேலை குறையத்தானே செய்யும்?"

பம்பைப் பொறுத்தது அது. தோட்டத்துக் கிணற்றில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு அவர் சொல்வது சரி. டெலிவரி வால்வை மூடினால் அது குறைவான கரண்ட்தான் எடுக்கும். விவசாயிகள் கேட் வால்வை மூடி வைத்து மோட்டாரைப் போட்டு, அப்புறம் மெதுவாகத் திறப்பது அதனால்தான். ஆனால் வீடுகளில் இருக்கும் சின்ன அரை எச்.பி, ஒரு எச்.பி செல்ஃப் பிரைமிங் மோட்டார்களில் அநேகமானவை வேறு வகை. பித்தளைச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பல் இருக்கும். தண்ணீர் அந்தப் பல்லுக்குள் திரும்பத் திரும்பச் சுழன்று அழுத்தம் ஏறும். சின்ன மோட்டார் உயரமாக ஏற்றுவது இதனால்தான். இந்த வகையில் வழியை அடைத்தால் அழுத்தம் எகிறும், கரண்ட்டும் கூடவே எகிறும். முழுக்க மூடியிருக்கும்போதுதான் அது எல்லாவற்றிலும் அதிகமான கரண்ட் எடுக்கிறது.

4 ஆம்பியர் தாங்கும் காயிலில் 5.1 போனால் கால் பங்குதானே அதிகம் என்று தோன்றும். ஆனால் காயிலில் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 4-க்கு 5.1 என்றால் சூடு 1.6 மடங்கு. வழக்கமான 3.2 ஆம்பியரோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு. காயில் இன்சுலேஷனுக்குத் தொழிலில் ஒரு கணக்கு சொல்வோம், தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகும். அப்பளமாக நொறுங்கிய அந்த ஸ்லாட் பேப்பர் அதற்குச் சாட்சி.

வால்வு மூடியபடியே ஆறு நிமிஷம் ஓடவிட்டு, பம்பு உடம்பில் வெப்பமானியைக் காட்டினேன். தொடங்கும்போது 31 டிகிரி, ஆறாவது நிமிஷத்தில் 58. கை வைக்க முடியவில்லை. உடனே நிறுத்தினேன். சீல் ரப்பர் வெந்ததற்கும் விடை கிடைத்துவிட்டது.

எம்.சி.பி ஏன் விழவில்லை? அங்கே இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு 5.1 ஒரு பொருட்டே இல்லை. அது வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, மோட்டாரைக் காப்பாற்ற இல்லை. மோட்டாரைக் காப்பாற்ற வேண்டிய ஆள் காயிலுக்குள் இருக்கும் டி.ஓ.பி என்கிற சின்னப் பாகம். சூடு ஏறினால் துண்டித்து, ஆறினால் மறுபடி சேர்க்கும். அந்த அம்மாவிடம், "முதல் தடவை எரியறதுக்கு முன்னாடி மோட்டார் தானா நின்னு தானா ஓடுச்சா?" என்று கேட்டேன். "ஆமாங்க தம்பி! கரண்ட்தான் வந்து வந்து போவுதுன்னு நினைச்சோம்" என்றார். ஏழு மாதம் அந்த டி.ஓ.பி துண்டித்துச் சேர்த்துத் துண்டித்துச் சேர்த்தே மோட்டாரைக் காப்பாற்றியிருக்கிறது. எரிந்த காயிலைப் பிரித்துப் பார்த்தேன், அதில் டி.ஓ.பி இல்லை. மறுபடி காயில் கட்டும்போது அதை யாரோ விட்டுவிட்டார்கள். இடைவெளி சுருங்கியதற்குக் காரணம் இதுதான். உங்கள் மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்தால், "டி.ஓ.பி போட்டுக் கொடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு சின்னப் பாகம், விலையும் பெரிதில்லை.

காணாமல் போன சத்தம்

மின்சாரக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறொன்று.

வால்வு போடுவதற்கு முந்தைய மூன்றரை வருஷம் அந்த வீட்டில் மோட்டாரை நிறுத்தியது எதை வைத்து? டேங்க் நிறைந்து பின்பக்கம் ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் 'தொபதொப'வென்று விழும். சமையலறையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் யாராவது எழுந்து போய் ஆஃப் செய்வார்கள். ஒரு நிமிஷத்துத் தண்ணீர் வழிந்திருக்கும், அவ்வளவுதான். ஃப்ளோட் வால்வு வந்த பிறகு தண்ணீர் வழியவில்லை. சத்தமும் இல்லை. டேங்க் எப்போது நிறைந்தது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய வழியே இல்லாமல் போயிற்று. அதனால் சாயங்காலம் சீரியல் தொடங்கும்போது போட்டு, முடிந்ததும் நிறுத்துவது பழக்கமாகியிருக்கிறது. பாதி டேங்க் நிறைய ஏறக்குறைய இருபது நிமிஷம் போதும். மிச்ச நேரம் தினமும் அந்த மோட்டார் மூடிய வால்வோடு மல்லுக்கட்டியிருக்கிறது. சில நாள் இரண்டாவது சீரியலும் முடிந்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது.

அவர்கள் செய்ததில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. நல்ல தண்ணீரைக் காப்பாற்ற நினைத்தார்கள், சுவரைக் காப்பாற்ற நினைத்தார்கள். ஃப்ளோட் வால்வும் கெட்ட பொருள் இல்லை. தெருக் குழாயிலிருந்து நேரே சம்ப்புக்கு வரும் வழியில் அது இருந்தே ஆக வேண்டும். மோட்டார் தள்ளும் வழியில்தான் அது இருக்கக் கூடாது. தண்ணீரை நிறுத்துவதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்த வேண்டும், இந்த வரிசை மாறியதுதான் கோளாறு.

கடைக்காரர் சொன்னபடி ஒரு எச்.பி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே வால்வை இன்னும் அதிக அழுத்தத்தில் முட்டியிருக்கும். எரிய இன்னும் கொஞ்ச நாள் கூடியிருக்கலாம். அதற்குள் ஏதாவது ஒரு பி.வி.சி எல்போ விட்டிருக்கும், அதுவும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

செய்த வேலை

ஃப்ளோட் வால்வைக் கழற்றிவிட்டு வழியைத் திறந்தேன். டேங்கின் வாயில் 15 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தேன். 35 நொடி. மணிக்கு ஏறக்குறைய 1,540 லிட்டர், அந்த உயரத்துக்கு நல்ல அளவு. குழாயில் வேறு அடைப்பு இல்லை என்பதும் உறுதியாயிற்று.

பழைய மோட்டாருக்கு மூன்றாவது முறை காயில் கட்ட வேண்டாம் என்று சொன்னேன். ஏற்கெனவே இரண்டு முறை எரிந்த காயிலை எடுக்க அது உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டரை, அதாவது இரும்புத் தகடுகளை அடுக்கிய கூட்டை, நெருப்பில் காட்டியிருக்கிறார்கள். தகடுகளுக்கு இடையில் இருக்கும் பூச்சு போய்விட்டால், காயில் புதிதாக இருந்தாலும் இரும்பே சுட ஆரம்பிக்கும். அதே அரை எச்.பி-யில் புது மோட்டார் வாங்கினோம், டி.ஓ.பி உள்ளது. பழையதைச் செம்புக்கும் இரும்புக்கும் போட்டு ஏதோ கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

டேங்குக்கும் சம்ப்புக்கும் சேர்த்து லெவல் கன்ட்ரோலர். மேலே தண்ணீர் குறைந்தால் போடும், நிறைந்தால் நிறுத்தும், சம்ப்பில் தண்ணீர் இல்லையென்றால் போடவே போடாது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன், தண்ணீருக்குள் போகும் வயரில் 230 வோல்ட் போகக் கூடாது. 12 வோல்ட்டில் வேலை செய்வதாகப் பார்த்து வாங்கினோம். கூடவே மோட்டாருக்குக் கரண்ட்டைப் போட்டு நிறுத்தும் கான்டாக்டரும், கரண்ட் அளவுக்கு மேல் போனால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயும், ரிலேயை 4 ஆம்பியரில் வைத்தேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று. மூன்று துருவ ரிலேயைச் சிங்கிள் பேஸ் மோட்டாருக்குப் போட்டால், வயரை மூன்று துருவத்திலும் தொடராகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒன்றில் மட்டும் கரண்ட் போனால், ஒரு பேஸ் இல்லை என்று நினைத்து அது சும்மா சும்மா விழும்.

வயரை 2.5 சதுர மில்லிமீட்டராக மாற்றினோம், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். சம்ப்பைக் கழுவினோம். அடியில் ஒரு விரல் தடிமனுக்கு வண்டல் இருந்தது. ஃபுட் வால்வைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்தேன்.

ஓவர்ஃப்ளோ குழாயை அடைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். கன்ட்ரோலர் என்றைக்காவது பழுதானால் சொல்வதற்கு அந்தச் சத்தம் வேண்டும். குழாயின் முனையில் ஒரு பெண்டு போட்டு, சுவரில் படாமல் பின்னால் இருந்த முருங்கை மரத்தடியில் விழும்படி திருப்பிவிட்டேன். சிலந்தி வலையை அந்த அம்மாவே குச்சியால் எடுத்தார்.

அதற்குப் பிறகு

கிளம்பும்போது அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். கன்ட்ரோலர் போடும் அளவுக்கும் நிறுத்தும் அளவுக்கும் இடையில் 600 லிட்டர். மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், யாரும் குழாய் திறக்காத நேரமாகப் பார்த்து, மோட்டார் தானாகப் போட்டதிலிருந்து நிறுத்தியது வரை எத்தனை நிமிஷம் என்று பார்த்து எழுதி வைக்கச் சொன்னேன். மோட்டாரின் உடல்நிலையைச் சொல்ல வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. நேரம் கூடினால் காற்று இழுக்கிறது, அல்லது இம்பெல்லர் தேய்கிறது, அல்லது எங்கோ அடைப்பு.

ஆசிரியை அல்லவா, ஒரு மாதம் தவறவில்லை. மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் தேதி போட்டு எழுதி வந்தார். 23, 23, 24, 23. மழைக்காலத்தில் ஒருமுறை மின்அழுத்தம் ரொம்ப இறங்கிய நாளில் 26. அப்புறம் மறுபடி 23.

இந்த ஏப்ரலில் போன் வந்தது. "தம்பி, 29 நிமிஷம் காட்டுதுங்க. அடுத்த நாளும் பார்த்தேன், 30. மோட்டார் நல்லாத்தான் ஓடுது, தண்ணியும் ஏறுது. ஆனா நேரம் கூடியிருக்கு."

போனேன். கிளாம்ப் மீட்டர் 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. குழாயில் கை வைத்தால் அதிர்வு ஒரே சீராக இல்லை, நடுநடுவே விட்டுவிட்டு வந்தது. உறிஞ்சும் பக்கத்து யூனியனைச் சுற்றி நுரையைத் தடவினேன். கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் மெதுவாக உள்ளே குழிந்தது. அந்த அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. புது வாஷர் வைத்து, டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை.

அன்று சாயங்காலமே பெட்டிக் கதவில் 23 என்று எழுதிவிட்டதாகப் போன் செய்து சொன்னார்.